வடலூர் ஜோதியில் சிலிர்ப்பு, தீமிதியில் சாமி வருவது: எல்லாம் மூளையின் வேலையா? மூளையில் 'கடவுள் பகுதி' உண்டா?

தனியாக அப்படி ஒரு பகுதி இல்லை. 'கடவுள் ஹெல்மெட்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கனடாவில் மூளை ஆய்வாளர் மைக்கேல் பெர்சிங்கர், இந்த ஹெல்மெட் வழியாகத் தலையின் பக்கவாட்டில் மிக மெல்லிய காந்தப்புலத்தைச் செலுத்தினால் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் தோன்றுகிறது என்றார். 2005-இல் ஸ்வீடனில் கிரான்க்விஸ்ட் குழு அதையே திரும்பச் செய்தது. காந்தம் ஓடுகிறதா இல்லையா என்பது உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது, சோதனை நடத்துபவருக்கும் தெரியாது. காந்தத்தால் எந்த வித்தியாசமும் இல்லை. எதையும் சொன்னதும் மனம் இளகி ஏற்றுக்கொள்பவர்களுக்கு, காந்தம் ஓடாதபோதும் அந்த உணர்வு வந்தது. யூடியூபில் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆக, எதிர்பார்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வடலூர் தைப்பூசத்தில் தூக்கமில்லாத இரவு, நெருக்கும் கூட்டம், 'அருட்பெருஞ்ஜோதி' முழக்கம், ஒவ்வொன்றாக விலகும் ஏழு திரைகள். 2011-இல் மான்ட்ரியலில் இசை கேட்டுச் சிலிர்ப்பவர்களை ஸ்கேன் செய்தபோது, உச்சத்துக்குக் காத்திருக்கும்போதே மூளையின் ஆழத்தில் ஓரிடத்தில் டோபமைன் என்ற, இன்பத்தோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரந்தது. உச்சம் வந்தபோது வேறோர் இடத்தில் சுரந்தது. ஜோதி தரிசனத்தை யாரும் ஸ்கேன் செய்யவில்லை என்றாலும், காத்திருக்க வைக்கும் அந்தத் திரைகளுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

தியானத்தில் 'நான்' கரைவது வேறு கதை. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் உள்ள பரைட்டல் பகுதிதான் உடம்பு எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்று கணக்கு வைக்கிறது. 2001-இல் ஆண்ட்ரூ நியூபெர்க் குழு எட்டுத் திபெத்தியத் தியானிகளை ஸ்கேன் செய்தபோது, கவனத்துக்கான முன்மூளைப் பகுதியின் வேலை கூடக் கூட இந்தப் பகுதியின் வேலை குறைவதைக் கண்டது. எட்டே பேர் என்பதால் இதை மட்டும் நம்பமாட்டேன். 2010-இல் இத்தாலியில் மூளைக்கட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்ட 88 பேரிடம் முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். இந்தப் பின்புறப் பகுதியில் கட்டியை எடுத்தவர்களுக்குத் 'தன்னைக் கடந்த உணர்வு' கூடியிருந்தது. இது வலுவான சான்று. தியானத்துக்கென்றே கட்டிய ஆரோவில் மாத்ரி மந்திரில் பேச்சு இல்லை, படம் இல்லை, வெள்ளை அறைக்கு நடுவில் ஒரே ஒரு படிகக் கோளம். புலன்களுக்குத் தீனியே இல்லாத இடம்.

தீமிதியில் இதற்கு நேர்மாறு: பம்பை, உடுக்கை, வேகமூச்சு. வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கும். விரல் மரக்கும், தலை மிதக்கும். ஸ்பெயினில் ஒரு தீமிதியில் இதயத்துடிப்பை அளந்தபோது, நடந்தவர்களின் துடிப்போடு வேடிக்கை பார்த்த உறவினர்களின் துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்கியது. வெளியூர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. உடம்பு நிலை இவ்வளவுதான். அதற்குத் திரௌபதி அம்மன் என்று பெயர் வைப்பதா, வில்லியனூர் மாதா என்று வைப்பதா என்பது வளர்ந்த வீட்டைப் பொறுத்தது.

இதனால் கடவுள் பொய் என்றாகாது. தோசையைப் பார்த்தாலும் மூளையில் ஒரு பகுதி வேலை செய்யும். தட்டில் தோசை இருக்கிறதா என்பதை ஸ்கேன் சொல்லாது.

சாமி வருவதையும் ஃபிட்ஸையும் குழப்பிக்கொள்வதுதான் நிஜமான ஆபத்து. அருள் பெரும்பாலும் மேளத்துக்கு வரும், 'யார் வந்திருக்கிறது' என்றால் பதில் வரும், விபூதி பூசினால் இறங்கும். நெற்றியின் பக்கவாட்டுப் பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியில் கிளம்பும் வலிப்பு (ஃபிட்ஸ்) மேளம் இல்லாமலும் வரும், தூக்கத்திலும் வரும். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், இல்லாத வாடை அடிக்கும், சிலருக்குக் காரணமில்லாத பயம், மிகச் சிலருக்குப் பேரானந்தம். பிறகு கண் திறந்தபடி வெறித்த பார்வை, வாய் சப்புக்கொட்டும், கை துணியைப் பிசையும், கூப்பிட்டால் பதில் இருக்காது. ஓரிரு நிமிடத்தில் அடங்கி, பின் குழப்பமும் தூக்கமும். ஒவ்வொரு முறையும் அதே வரிசை என்றால் சந்தேகப்படுங்கள். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டிருந்தாலோ, சிறுநீர் போயிருந்தாலோ சந்தேகம் இன்னும் கூடும்.

கைப்பேசியில் வீடியோ எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடத்தில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஒரு இ.இ.ஜி. சரியாக இருந்தது என்பதற்காக விட்டுவிட வேண்டாம்; வலிப்பு இல்லாத நேரத்தில் அது சரியாகவே வரலாம். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

காப்புக் கட்டிய நாட்களில் வலிப்பு மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். பட்டினி, தூக்கக்கேடு, மாத்திரையும் இல்லை என்றால் திருவிழா அன்றே வலிப்பு வரலாம். இவர்கள் தீக்குழியில் இறங்க வேண்டாம். மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் போனால் கடலில் முங்காமல், கூட ஒருவரை வைத்துக்கொண்டு கரையிலேயே சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம்.