சவாரிக்கு முன்னால் குதிரையைத் தேய்த்துவிடுவது அவசியமா?

கேள்வி: குடும்பத்தோடு ஒரு நாள் சின்னக் குதிரைப் பண்ணைக்குப் போகிறோம். சவாரிக்கு முன்னால் ஒரு மணி நேரம் குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார்கள். நேராக ஏறிவிடக் கூடாதா?

ஏறிவிடாதீர்கள். நேரம் போதாவிட்டால் சவாரியைக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு மணி நேரத்தில் கை வைக்காதீர்கள்.

என் பெரியப்பா மகன் நான்கு குதிரைகளோடு சிறிய பண்ணை ஒன்று வைத்திருக்கிறார். போன விடுமுறையில் நானும் மனைவியும் பிள்ளைகளோடு ஒரு பகல் முழுக்க அங்கே இருந்தோம். மகளுக்கு 9 வயது, எப்போது ஏறலாம் என்று துடித்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு 6 வயது. குதிரையின் உயரத்தைப் பார்த்ததும் என் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

அண்ணன் முதலில் சொன்னது, பின்பக்கமாக யாரும் வரக் கூடாது என்பதுதான். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் அதற்குத் தெரியாது. "பேசிக்கிட்டே தோள் பக்கமா வாங்க. நீங்க எங்க நிக்கறீங்கன்னு அதுக்குத் தெரியணும்" என்றார்.

எங்களுக்குக் கொடுத்தது வயதான, சாதுவான ஒரு பெண் குதிரை. ரப்பர் சீப்பை வைத்துக் கழுத்திலிருந்து வட்டம் வட்டமாகத் தேய்த்தால் அடியில் ஒட்டிய மண்ணும் உதிர்ந்த முடியும் மேலே வந்துவிடும். முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் அந்தச் சீப்பு ஆகாது, அங்கே தோலுக்கு அடியில் சதை அதிகம் இல்லை, எலும்புதான். பிறகு கெட்டி பிரஷ்ஷால் முடி படிந்திருக்கும் பக்கமாகவே வீசி வீசித் தட்ட வேண்டும். முகத்துக்கு மெத்தென்ற பிரஷ்.

சேணமும் வயிற்றுப் பட்டையும் படும் இடங்களை மட்டும் வெறுங்கையால் இன்னொரு முறை தடவச் சொன்னார். முன்னங்காலுக்குப் பின்னால், பட்டை இறுகும் அதே இடத்தில், மனைவியின் விரலில் ஒரு காய்ந்த முள் தட்டுப்பட்டது. முடிக்குள் புதைந்திருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் மேல் பட்டையை இறுக்கி மகளை ஏற்றியிருந்தால் குதிரை துள்ளியிருக்கும். நாங்களும் அதை முரட்டுக் குதிரை என்று சொல்லிவிட்டு வந்திருப்போம். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு பதறுகிறது.

குளம்பு மகளின் வேலை. அண்ணன் காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, சின்னக் கொக்கியால் குதிகால் பக்கமிருந்து முன்னோக்கி நோண்டினாள். நடுவில் ரப்பர் மாதிரி ஆப்பு வடிவில் ஒரு திண்டு இருக்கும். அதில் உணர்ச்சி உண்டு, அதனால் அதைக் குத்தாமல் இரு பக்கப் பள்ளங்களை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பள்ளம் கருப்பாகக் கசிந்து நாறினால் அழுகல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மண்கட்டி அச்சு வார்த்தது போல முழுசாக விழுந்தது, உள்ளே சுண்டுவிரல் நகமளவு ஒரு கல். மகள் குனிந்து முகர்ந்துவிட்டு, "நாத்தம் இல்ல பெரியப்பா" என்றாள்.

மகன் மாறியது பிடரி முடிகிற மேட்டில்தான். கழுத்தும் முதுகும் சேரும் அந்த இடத்தைக் குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துவிடும். அங்கே சொறிந்தால் அதன் இதயத் துடிப்பே குறைவதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். என் இடுப்பில் இருந்தபடியே அவன் விரல்களால் சொறிந்தான். குதிரை கழுத்தை நீட்டியது, கண் பாதி மூடியது, கீழ் உதடு தொங்கி நடுங்க ஆரம்பித்தது. "அப்பா, அதுக்குப் பிடிச்சிருக்கு" என்று கிசுகிசுத்தான். கொஞ்ச நேரத்தில் தானே இறங்கி, முக்காலி மேல் ஏறி நின்று சொறிந்துகொண்டிருந்தான்.

சவாரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஹெல்மெட் கட்டாயம். சேணத்தில் தொங்கும் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் கால் முழுசாக நழுவிப் போகாதபடி சின்னக் குதிகால் வைத்த ஷூ வேண்டும். பட்டையை ஒரேயடியாக இறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஏறும் முன் மறுபடி சரிபாருங்கள், அதற்குள் தளர்ந்திருக்கும். ஆளும் சேணமும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. அந்தக் கணக்கில் நான் வரவில்லை, அதனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தேன். அண்ணன் ஓடி வந்து அவிழ்த்தார்: "சுத்தாதடா, மிரண்டு இழுத்தா விரல் போயிடும். மடிச்சுப் பிடி."

முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடம் மெதுவாக நடக்கவிட்டு மூச்சு அடங்க வைத்தோம். சேணத்தை எடுத்த இடத்தில் வியர்வை திட்டாகப் படிந்திருந்தது. அதையும் ஈரத்துணியால் துடைத்துத் தேய்த்துவிட வேண்டும், அப்படியே காய்ந்தால் அரிக்கும்.

நீங்கள் போகும்போது, சேணம் கழற்றிய பிறகும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் இருக்கவிடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காது இரண்டும் பின்னுக்குப் படிந்தால் உடனே விலகி நிற்க வேண்டும் என்பதை மட்டும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.