அணு உலைக்குப் போக எந்தப் படிப்பு?

கேள்வி: ஐயா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். அணு மின் நிலையத்தில் பொறியாளராக வேண்டும் என்று ஆசை. கவுன்சலிங் பட்டியலில் தேடினேன், அணுப் பொறியியல் என்ற பிரிவே கண்ணில் படவில்லை. அப்பா விவசாயி. 'அதெல்லாம் நமக்கு எட்டுமா?' என்கிறார். நான் என்ன படிக்க வேண்டும்?
- வாசகி, நீடாமங்கலம்

பதில்: மெக்கானிக்கல் எடும்மா. கெமிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் கிடைத்தாலும் சரி. கல்பாக்கத்தில் உலை இயக்கப் பிரிவில் 36 வருடம் இருந்தேன். என்னோடு ஷிப்ட் பார்த்தவர்களில் அணுப் பொறியியல் பட்டத்தோடு வந்தவர் ஒருவரும் கிடையாது. ஏதாவது ஒரு பொறியியலை ஒழுங்காகப் படித்துவிட்டு, உலையைப் பயிற்சியில் கற்றுக்கொண்டவர்கள்தான் எல்லோரும்.

அந்தப் பயிற்சிக்கென்றே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957 முதல் நடக்கிறது. பி.இ.யில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்க வேண்டும். அப்புறம் 'கேட்' (GATE) என்ற, பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசிய அளவிலான தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்தோ, அவர்களே நடத்தும் தேர்வை எழுதியோ நேர்முகத்துக்குப் போகலாம். தேர்வானால் ஒரு வருடப் படிப்பு, அதற்கு உதவித்தொகையும் உண்டு. இந்திய அணுமின் கழகமும் கேட் மதிப்பெண்ணைப் பார்த்துத் தனியாக ஆள் எடுக்கிறது.

நேர்முகத்தில் மனப்பாடம் செல்லாது. என்னை வெப்பத்தைப் பற்றியே குடைந்தார்கள். 'உலையை நிறுத்தியதும் சூடும் நின்றுவிடுமா?' என்றார் ஒருவர். எனக்குப் பாடம் நினைவுக்கு வரவில்லை, அம்மா நெல் அவிக்கும் அண்டாதான் வந்தது. அடுப்பை இழுத்துவிட்டாலும் நெல் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். உடனே களத்தில் கொட்டிப் பரப்பாவிட்டால் வாய் பிளந்துவிடும். அதையே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, 'அண்டாவில் இருப்பது பழைய சூடு. உலையில் புதிதாகவே பிறந்துகொண்டிருக்கும்' என்று திருத்தினார். அந்த ஒரு வரியைத்தான் வேலைக்காலம் முழுக்கக் காப்பாற்றினேன் என்று சொல்லலாம். அணுப் பிளவு நின்ற நொடியிலும், பிளந்த துண்டுகள் தொடர்ந்து சிதைவதால் முழுத் திறனில் ஆறேழு சதவீத வெப்பம் பிறந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் அளவுக்கு இருக்கும். 220 மெகாவாட் மின்சாரம் தரும் கல்பாக்கம் உலையில் அந்த அரை சதவீதமே சில மெகாவாட் வெப்பம். அதைப் பம்பும் குழாயும் தண்ணீரும்தான் வெளியேற்றியாக வேண்டும். மெக்கானிக்கல் எடு என்று நான் சொல்வது இதனால்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்தை அடித்த அதே கடல் எங்கள் பம்ப் ஹவுஸுக்குள்ளும் ஏறியது. இரண்டாம் உலை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கன்டென்சருக்குக் கடல்நீர் தரும் பம்புகள் நின்றன. பணியில் இருந்தவர்கள் உலையை நிறுத்திவிட்டு, மிச்ச வெப்பத்தை விடாமல் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்பில் எங்கள் ஆட்களையே கடல் கொண்டுபோயிருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமலே பேனலை விட்டு நகராமல் நின்ற அந்த ஷிப்ட் ஆட்களை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். 2005 ஜனவரி 2-ல் உலை மறுபடி ஓடியது. இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசும் முன் இதைத்தான் சொல்கிறேன்.

அப்பாவிடம் இரண்டு விஷயம் சொல். செங்கிப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, துவாக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. படிக்கத் தஞ்சாவூர் பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். வீட்டில் நீதான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சலுகைக்கான சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துவிடு. கவுன்சலிங் நேரத்தில் தாலுகா ஆபீஸில் கூட்டம் தாங்காது.

கேள்வி: என் மகனுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 'கதிர்வீச்சில் வேலை பார்க்கிற பையன், நாளைக்குக் குழந்தை பிறக்குமா?' என்று பெண் வீட்டார் தயங்குகிறார்கள். என்ன பதில் சொல்வது?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: சகோதரி, உங்கள் மகன் கதிர்வீச்சுப் பகுதிக்குள் போகும்போதெல்லாம் சட்டையில் சின்ன பேட்ஜ் ஒன்றைக் குத்திக்கொள்வார். அவர் உடம்பு வாங்கிய கதிர்வீச்சின் அளவை அது பதிவு செய்யும். அந்த அளவைச் சொல்லும் அலகுதான் மில்லிசீவர்ட். ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோருக்குமே, உலக சராசரியாக, ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. குழந்தைப் பேற்றைக் கெடுக்க இந்த வரம்பைவிடப் பல மடங்கு அளவு ஒரேயடியாகப் பட வேண்டும். எனக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேருமே நான் உலையில் வேலை பார்த்த காலத்தில் பிறந்தவர்கள். இதை ஆதாரமாகச் சொல்லவில்லை, பெண் வீட்டாரின் பயம் புரிகிறது என்பதற்காகச் சொல்கிறேன். என் மாமனாரும் இதையேதான் கேட்டார். அவரைக் கல்பாக்கத்துக்குக் கூட்டிப்போய், பிள்ளைகள் ஓடி விளையாடும் குடியிருப்பைக் காட்டினேன். நீங்களும் பெண் வீட்டாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவருக்கு இந்தத் துறையில் இடம் உண்டா?
- வாசகர், பாபநாசம்

பதில்: தாராளமாக உண்டு தம்பி. 'ஸ்டைபண்டரி டிரெய்னி' என்று விளம்பரம் வரும். டிப்ளமோ, பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு ஒரு பிரிவு, ஐ.டி.ஐ.க்காரர்களுக்கு ஒரு பிரிவு. பயிற்சியின்போதே உதவித்தொகை தருவார்கள். வயது வரம்பு கடுமையானது, அதனால் அறிவிப்பு வந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வால்வையும் பம்பையும் கையால் பிரித்துப் பூட்டிய அனுபவம் இருந்தால் அதை நேர்முகத்தில் மறக்காமல் சொல்லுங்கள்.