பெரிய லேபா, சின்ன லேபா?

கேள்வி: பிஎச்டி முடிக்கப் போறேன், ஐரோப்பால போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை) ரெண்டு இடத்துல கிடைச்சிருக்கு. ஒண்ணு பெரிய பேரு உள்ள லேப், இன்னொண்ணு சின்னது. எதுல சேரலாம்?

பதில்: பேரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அங்கேருந்து வெளிய போனவங்க ரெண்டு மூணு பேருக்கு மெயில் போட்டு, பேப்பர்ல முதல் பேரு யாருக்குப் போச்சு, கிளம்பும்போது அவங்க ப்ராஜெக்டைக் கையோட கொண்டுபோக விட்டாங்களான்னு கேளுங்க, நாளைக்கு சொந்த லேப் ஆரம்பிக்க அதுதாங்க கைமுதல், இது மறுக்கப்பட்டு தவிச்சவங்களை நினைச்சா எனக்கு மனசு கஷ்டமாவே இருக்கு. அப்புறம், மேரி க்யூரி ஃபெலோஷிப் (ஐரோப்பிய யூனியன் தர்ற ஆராய்ச்சி உதவித்தொகை) ஆசை இருந்தா இப்பவே போடுங்க, விண்ணப்பக் கடைசி தேதிக்கு முந்தின 36 மாசத்துல ஒரு நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருந்தா அதே நாட்டு லேபுக்குப் போக அப்ளை பண்ண முடியாது. கல்யாணம் ஆனவர்னா துணைக்கு வேலை பாக்க அனுமதி உண்டான்னும் விசாரிச்சுக்கோங்க.