குடிநோயாளிகளுக்கு உதவும் வேலைக்குப் படிப்பு எதற்கு, அனுபவம் போதாதா?

இந்தக் கேள்வியை எங்கே பார்த்தாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். 'குடித்தவனுக்குத்தானே குடிகாரன் கஷ்டம் தெரியும், படித்துவிட்டு வந்தவர்கள் என்ன கிழிக்கப் போகிறார்கள்' என்பதைத்தான் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை, படித்துவிட்டு வந்தவன்தான். உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால், வீட்டில் யாரோ குடித்து, அவரைப் பல வருடம் சமாளித்த தெம்பிலேயே இந்த வேலைக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறீர்கள் போல. தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

படிப்போடு ஒரு மறுவாழ்வு மையத்தில் களப்பயிற்சியும் போட்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் ஒருவரை அவர் தங்கை கூட்டி வந்தார். "முந்தாநாளிலிருந்து தொடவே இல்லை சார், அவராகவே நிறுத்திட்டார்" என்று சொல்லும்போது அந்தம்மாவுக்கு அப்படியொரு பெருமை. அவரோ தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சட்டையில் கொட்டுகிறது, வேர்த்து ஊற்றுகிறது, நடுநடுவே முழங்கையில் இல்லாத எதையோ தட்டித் தட்டி விடுகிறார். அங்கே இருந்த சீனியர் அண்ணன் குடியை விட்டுப் பல வருடமானவர், நல்ல மனுஷன். "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் தம்பி, நானும் இதைத் தாண்டி வந்தவன்தானே, படுக்க வை, காலையில சரியாயிடும்" என்றார்.

எனக்கு வகுப்பில் மண்டையில் ஏற்றியிருந்தது வேறு. வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளுக்குள் இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து ஆள், இடம் புரியாமல் பிதற்றும் நிலை வரலாம், சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். ஹெராயின் மாதிரி அபின் வகைப் போதையை நிறுத்தும்போது உடம்பு படுகிற பாடு கொடுமைதான், ஆனால் அதனாலேயே சாவது அபூர்வம். மதுவும் சிலவகைத் தூக்க மாத்திரைகளும் அப்படி இல்லை. அண்ணனுக்குத் தெரிந்தது ஒரே ஓர் உடம்பு, அது அவருடையது.

ஆம்புலன்ஸ் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். மருத்துவமனை வாசலிலேயே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. உள்ளே முதலில் தயமின், அதாவது பி1 வைட்டமின் ஏற்றினார்கள், அப்புறம்தான் குளுக்கோஸ். குடியால் அந்த வைட்டமின் வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஆள் பிழைத்துவிட்டார்.

உடனே 'மீண்டவர்களைக் கேவலப்படுத்துகிறான்' என்று யாரும் கிளம்பி வராதீர்கள். 1935ல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் அமைப்பு, தொடங்கியதே இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசியதில்தான். புதிதாக வருகிறவர் என்னிடம் வாரக்கணக்கில் சொல்லாததை அந்த அண்ணனிடம் ஒரே உட்காரலில் கொட்டிவிடுவார். அது எனக்கு வராது, எந்தப் படிப்பும் அதைத் தராது. அவரும் படித்திருக்கலாமே என்பதுதான் நான் சொல்வது.

வீட்டில் சமாளித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வாயைத் திறந்தாலே அறிவுரைதான் வரும். எங்கள் வகுப்பில் அதைக் கழற்றத்தான் அதிக நேரம் போனது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983ல் எழுதி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்ற இன்னொரு உளவியலாளரோடு சேர்ந்து வளர்த்த ஒரு பேச்சுமுறை இருக்கிறது. நாம் 'விடு, விடு' என்று தள்ளத் தள்ள, எதிரில் இருப்பவர் விடாமல் இருப்பதற்குக் காரணம் தேடுவார் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் 'குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லுங்கள்' என்போம். அவர் 3 என்றால் 'ஏன் வெறும் 3?' என்று கேட்கக் கூடாது, 'ஏன் 0 என்று சொல்லவில்லை?' என்று கேட்க வேண்டும். பிள்ளை, வேலை, ஈரல் என்று காரணமெல்லாம் அவர் வாயிலிருந்தே வரும். கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? ரோல்பிளேயில் நான் குடிகாரனாக உட்கார்ந்தேன், எதிரில் கவுன்சிலராக இருந்தவர் மூச்சு விடுவதற்குள் "உங்க குழந்தைங்களை நினைச்சுப் பாருங்க" என்று ஆரம்பித்துவிட்டார். நடிப்புதான், ஆனாலும் எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நான் படித்த இடத்தில் சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அடித்துக் கொடுத்தார்கள். திருத்தச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணமாம், தப்பு அவர்களுடையது! எதிரில் இருப்பவர் முகம் பார்த்துப் பேசச் சொல்லிக்கொடுக்கும் நிறுவனம், அதன் அலுவலக ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தடவைகூட நிமிரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படியுங்கள், ஆனால் பணம் கட்டும் முன் களப்பயிற்சி உண்டா, அங்கே உங்களைக் கவனித்துத் திருத்த அனுபவசாலி ஒருவர் இருப்பாரா என்று கேளுங்கள். அபின் வகை ஓவர்டோஸில் மூச்சு அடங்கிப்போனவரை மீட்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுப்பதைச் செய்து காட்டுவார்களா என்றும் கேளுங்கள். அந்த மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கிவிடும், போதைப்பொருள் அதைத் தாண்டியும் உடம்பில் இருந்தால் மூச்சு மறுபடி அடங்கலாம், அதனால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் தனியே விடக் கூடாது. இதைக்கூடச் சொல்லித் தராத படிப்பென்றால் வேறு இடம் பாருங்கள்.