கிராமத்தில் இடிந்து விழும் நிலையில் உள்ள வீட்டை அகற்ற அரசுக்கு அதிகாரம் உண்டா?

கேள்வியின் சுருக்கம்: கூரை போன பழைய ஓட்டு வீடு. தெருப்பக்கச் சுவர் சாய்ந்து நிற்கிறது. உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசுகள் வெளியூரில். ஊராட்சியில் கேட்டால் "பட்டா இடம், நாங்க கை வைக்க முடியாது" என்கிறார்கள்.

உண்டு. ஊராட்சி தயங்கினாலும் வருவாய் கோட்டாட்சியரால் முடியும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு (2024 ஜூலை 1க்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133) அந்த அதிகாரத்தைத் தருகிறது. மனுவை "உட்கோட்ட நிர்வாக நடுவர் மற்றும் வருவாய் கோட்டாட்சியர்" என்று விலாசமிட்டு நேராக அங்கேயே கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் அது நாலு மேசை சுற்றி, கடைசியில் உங்கள் ஊர் விஏஓவிடமே வந்து நிற்கும்.

பெரும்பாலான மனுக்கள் தோற்பது எழுதும் விதத்தில்தான். புதர், பாம்பு, குடிகாரர்கள் தொல்லை என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வீடு பாழடைந்து அசிங்கமாகக் கிடப்பது இந்தப் பிரிவுக்குப் போதாது. விழக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், விழுந்தால் அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களோ தொழில் செய்பவர்களோ வழிப்போக்கர்களோ காயப்படும் அபாயம் இருக்க வேண்டும். அதை மட்டும் காட்டுங்கள். சுவரின் உயரம், சுவருக்கும் தெருவுக்கும் உள்ள இடைவெளி, அந்த வழியாகப் போவது யார் (பள்ளிப் பிள்ளைகளா, ரேஷன் கடை வரிசையா) என்று எழுதுங்கள். பத்தடிச் சுவர் தெருவிலிருந்து நாலடியில் நின்றால் அந்தக் கணக்கே பேசும். சாய்வைக் காட்ட, தெருவில் நின்றே தூக்குக்குண்டு நூலைச் சுவர் விளிம்போடு ஒப்பிட்டுப் பிடித்துப் படமெடுக்கலாம். அடியில் போய் நிற்காதீர்கள். ஓடு போன மண்சுவரில் மழை மேலிருந்தே இறங்கும். அடிப்பக்கம் கரைந்து உள்வாங்கியிருந்தால் அதையும் தூரத்தில் நின்றே பெரிதாக்கி ஒரு படம். தேதியும் புல எண்ணும் உட்பிரிவும் அவசியம்.

"இடிக்க வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். அகற்றவோ, பழுது பார்க்கவோ, முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடும்படி கேளுங்கள்; சட்டத்திலும் மூன்றும் இருக்கின்றன. இடிப்பதை மட்டும் கேட்டால், மனைமேல் உங்களுக்குக் கண் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதிகாரியும் தனிப்பட்ட தகராறு என்று ஒதுக்கிவிடுவார்.

வாரிசுச் சிக்கல் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உரிமையாளர் மட்டுமல்ல, அனுபவத்திலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பவர்மீதும் உத்தரவு போடலாம். உத்தரவை நேரில் கொடுக்க (சார்வு செய்ய) முடியாவிட்டால் அறிவிப்பாக வெளியிட்டு, பொருத்தமான இடத்தில் நகலை ஒட்டினால் போதும். முதலில் வருவது நிபந்தனை உத்தரவு: குறித்த நாளுக்குள் செய், இல்லாவிட்டால் ஆஜராகிக் காரணம் சொல். ஆஜராகி ஆட்சேபித்தால் சாட்சியம் எடுப்பார்கள். அந்த விசாரணையை 90 நாளில், காரணம் பதிந்தால் 120 நாளில் முடிக்க வேண்டும். நிபுணரை விசாரிக்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு, எனவே பொதுப்பணித்துறைப் பொறியாளரின் ஆய்வை மனுவிலேயே கோருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இத்தனை நாள் தாங்காது என்றால் 161ஆம் பிரிவின்கீழ் உடனடித் தடுப்பு நடவடிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். சுற்றுச்சுவருக்கும் இதே வழிதான். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் 17 உயிரைக் கொண்டுபோனது ஒரு சுற்றுச்சுவர்தான்.

உத்தரவு இறுதியான பிறகும் செய்யாவிட்டால் நடுவரே ஆள் வைத்துச் செய்து, அகற்றிய மரம், ஓடு போன்றவற்றை விற்றுச் செலவை எடுத்துக்கொள்ளலாம். மனை எப்போதும்போல் உரிமையாளருக்கே சொந்தம்; அரசு எடுத்துக்கொள்ளாது, உங்களுக்கும் வராது.

இடிக்கும் அன்று கவனிக்க வேண்டியது பொதுச்சுவர், அதாவது அந்த வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் பொதுவான சுவர். உங்கள் வீட்டு உத்திரம் அதே சுவரில் உட்கார்ந்திருந்தால் ஜேசிபி ஒரு தட்டுத் தட்டியதும் உங்கள் பக்கமும் விரிசல் விடும். அந்தப் பகுதியை ஆள் வைத்துக் கையால் பிரிக்க வேண்டும் என்று பொறியாளர் அறிக்கையிலேயே எழுத வையுங்கள். மின்வாரியத்தில் சொல்லி சர்வீஸ் ஒயரையும் முன்கூட்டியே துண்டித்துவிட வேண்டும்.