உயரம், எடை, உணவு: இந்தக் கணக்கெடுப்புகளை எவ்வளவு நம்பலாம்?

நாடு தழுவிய ஆய்வுகள் குழந்தைகளின் உயரம் இவ்வளவு, மக்கள் உண்பது இவ்வளவு என்று சொல்கின்றன, ஆனால் எங்கள் தெருவுக்கு யாரும் வந்ததே இல்லை, இவற்றை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் ஓர் உணவு ஆய்வுக்காக வீடு வீடாகச் சென்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: உடல் அளவுகளைப் பெரும்பாலும் நம்பலாம், உணவைப் பற்றிய எண்களை, எந்த ஆய்வு அதை எப்படிக் கேட்டது என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வராததில் வியப்பில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 6,36,699 வீடுகளில் நடந்தது. நாட்டில் ஏறத்தாழ 25 கோடிக் குடும்பங்கள் என்ற 2011ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துப் பார்த்தாலே 400 வீடுகளுக்கு ஒன்று என்றுதான் வரும். முறையாகத் தேர்ந்தெடுத்தால் அதுவே தாராளம்.

உயரத்தை அளப்பது எளிய வேலை அன்று. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்திப் பாதத்தோடு நகரும் கட்டையைச் சேர்க்க வேண்டும். குழந்தை வீறிடும், பாட்டி பதறுவாள். அதற்கு மேற்பட்ட வயதென்றால் நிற்கவைத்து அளக்க வேண்டும். பெண் குழந்தையின் உச்சிக் கொண்டையை அவிழ்க்காமல் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் கூடிவிடும். ஆனாலும் என் அனுபவத்தில் பெரிய பிழை அளவுப் பலகையில் வருவதில்லை, வயதில்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அளவுகோலின்படி, 18 மாத ஆண் குழந்தையின் நீளம் 76.9 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியதாகக் கொள்வார்கள். 24 மாதத்தில் அந்த எல்லை 81.7. ஆக, 79 சென்டிமீட்டர் உள்ள குழந்தை ஒன்றரை வயதென்றால் நன்றாக வளர்கிறது, இரண்டு வயதென்றால் குன்றியிருக்கிறது. “ஆடிப் பதினெட்டுக்கு முன்னா பின்னா?” என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்டது இதற்காகத்தான்.

பழைய எண்களோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 1992-93இல் நடந்த முதல் குடும்ப நல ஆய்வின்போது, உயரம் அளக்கும் பலகை கிடைக்காததால் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் குழந்தைகளின் எடையை மட்டுமே பார்த்தார்கள். அந்த ஆய்வில் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் உயரக் கணக்கு கிடைக்காது.

உணவுக்கு வருவோம். நேற்று காலை முதல் இன்று காலை வரை என்ன சமைத்தீர்கள், யார் எவ்வளவு உண்டார்கள் என்று கேட்டு, கொண்டுபோன அளவுக் கிண்ணங்களை முன்னால் வைத்து எழுதுவதுதான் நாங்கள் செய்தது. களி இரண்டு உருண்டை என்றால் எந்த அளவு உருண்டை என்று காட்டச் சொல்வோம். கரைத்த மாவு எத்தனை ஆழாக்கு என்று கேட்டு அதையும் சரிபார்ப்போம். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கிண்ணத்தைக் காட்டித் தெளிவாகச் சொன்ன ஒரு பெண், தன் முறை வந்ததும், “நான் என்னத்த கண்ணு சாப்பிட்டேன், சட்டியில இருந்ததத்தான்” என்றார். வடித்ததிலிருந்து மற்றவர்கள் உண்டதைக் கழித்துத்தான் அவருடைய பங்கை எழுதினோம். வந்தது அரைக் கிண்ணம்.

குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் இந்த அரைக் கிண்ணம் தெரியவே தெரியாது. 2022-23இல் 2,61,746 வீடுகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதங்களில் மூன்று முறை சென்று எடுத்த மிக நல்ல ஆய்வுதான் அது; ஆனால் வீட்டுக்குள் எத்தனை கிலோ அரிசி வந்தது என்று சொல்லுமே தவிர, அது யார் தட்டில் விழுந்தது என்று சொல்லாது. குடும்ப நல ஆய்வோ பெண்களிடம் பருப்பு, பழம், முட்டை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை உண்கிறீர்கள் என்று கேட்கும். எத்தனை கிராம் என்று கேட்காது.

எடுத்த உணவின் அளவையும் அதே வீட்டாரின் உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பல ஆண்டுகள் பதிந்துவந்தது, 1972இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் தொடங்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம். தமிழ்நாடு அதில் இருந்தது. 2015இல் அதை மூடிவிட்டார்கள். எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம். ஏனென்றால் 2015-16க்கும் 2019-21க்கும் இடையில் தமிழ்நாட்டில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 27.1 விழுக்காட்டிலிருந்து 25.0 ஆகத்தான் குறைந்தார்கள், அதே காலத்தில் அதிக எடையுள்ள பெண்கள் 30.9 விழுக்காட்டிலிருந்து 40.4 ஆனார்கள். ஒரே மாநிலத்தில் இவை இரண்டும் எப்படிச் சேர்ந்து நடந்தன என்பதை அறிய, ஒரே வீட்டின் தட்டையும் தராசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

என்றாவது உங்கள் கதவை ஒருவர் அளவுப் பலகையோடு தட்டினால், குழந்தையின் பிறந்த தேதி உள்ள அட்டையை முதலில் எடுத்துக் கொடுங்கள். வீட்டுப் பெண்கள் உண்டதையும் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.