பிக்கப் நிஜமாகவே எவ்வளவு வேகம் போகும்? கேள்வி பதில்

அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150, ராம் 1500 மாதிரியான பெரிய பிக்கப் (பின்னால் திறந்த சுமைத் தொட்டி உள்ள வண்டி) வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. வேகம் எல்லாம் மணிக்கு.

சார், என் எஃப்-150 சுமார் 107 மைலில் (172 கி.மீ.) முட்டிக்கொண்டு நிற்கிறது. எஞ்சினில் கோளாறா?

இல்லை. எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவில் கம்பெனியே போட்ட பூட்டு அது, லிமிட்டர் என்பார்கள். எஞ்சினுக்குத் தெம்பு மிச்சம் இருக்கும்; டயருக்கும், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும்தான் இருக்காது. டயர் பக்கச் சுவரில் அளவுக்குப் பிறகு வரும் கடைசி எழுத்தைப் பாருங்கள்: கியூ என்றால் 160 கி.மீ., ஆர் 170, எஸ் 180, டி 190. முரட்டு டயர்கள் பல கியூவிலேயே நின்றுவிடும்.

அடுத்தது ஷாஃப்ட். 32 அங்குல டயர், 3.73 ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.73 சுற்று) என்றால், 100 மைலில் அது 3,900 ஆர்பிஎம் சுற்றுகிறது. ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதை நெருங்கினால் நடுவில் வில்லாக வளைந்து அதிரும், அதன் முனையில் உள்ள இணைப்பான யூ-ஜாயிண்ட் உடையும். நீளம் இரட்டிப்பானால் அந்த எல்லை கால்வாசியாகக் குறையும். நீளமான வண்டிகளில் ஷாஃப்டை இரண்டு துண்டாக்கி நடுவில் பேரிங் வைப்பது இதற்காகத்தான்.

ஈசியூவை மாற்றி அமைக்கும் டியூனரிடம் கொடுத்து லிமிட்டரை எடுத்துவிடலாமா?

டயரையும் ஷாஃப்டையும் மாற்றாமல் வேண்டவே வேண்டாம். மாற்றினாலும் காற்று விடாது. 100 மைலில் ஓடச் சக்கரத்தில் ஏறக்குறைய 120 குதிரைத்திறன் போதும்; 150 மைலுக்கு அதுபோல் மூன்று மடங்கு வேண்டும். 2004இல் ராம் எஸ்ஆர்டி-10 பிக்கப் 154.587 மைல் தொட்டுச் சாதனை படைத்தது. வைப்பர் ஸ்போர்ட்ஸ் காரின் 8.3 லிட்டர் வி10 எஞ்சின், 500 குதிரைத்திறன். சுமை ஏற்றும் வண்டியை அதோடு ஒப்பிடக் கூடாது.

தொட்டியின் பின் கதவான டெயில்கேட்டை இறக்கிவிட்டால் காற்று எதிர்ப்பு குறையுமா?

குறையாது. மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று சுழன்று நிற்கும், மேலே வரும் காற்று அதன் மீது வழுக்கிப் போகும்.

32க்குப் பதில் 35 அங்குல டயர் போட்டேன். மீட்டர் சரியாகக் காட்டுமா?

அளவை ஈசியூவில் மாற்றாவிட்டால் காட்டாது. மீட்டரில் 70 என்றால் நிஜத்தில் 76க்கு மேல்.

அண்ணா, டிரெய்லர் இழுக்கும்போது?

வண்டியை விடுங்கள், டிரெய்லர் டயரைப் பாருங்கள். டிரெய்லருக்கென்றே செய்த எஸ்டி வகை டயர்கள் பலவற்றுக்கு 65 மைல்தான் எல்லை. கலிஃபோர்னியாவில் சட்டமே 55. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச்சின் மேல் இறங்க வேண்டும். பின்பக்கம் கனமானால் வாலாட்டும். ஆட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துங்கள். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் வண்டியும் டிரெய்லரும் மடக்குக் கத்தி போல மடங்கிக்கொள்ளும்.

காலித் தொட்டியோடு, ரோடும் காலி. எவ்வளவு போகலாம்?

அமெரிக்காவின் உச்ச வரம்பே டெக்சாஸ் எஸ்எச் 130 சாலையின் 85 மைல்தான். 70இல் நிறுத்தத் தேவைப்படும் பிரேக் தூரம் 100இல் இரண்டு மடங்கு. காலித் தொட்டியில் பின் ஆக்சிலுக்குப் பிடிப்பும் குறைவு. மேடு பள்ளத்தில் பின்பக்கம் துள்ளி விலகும். 75க்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.